வானளாவிய அதிகாரம்: ஒரு சபாநாயகரின் வாழ்வும் ஒரு நீதிக் கேள்வியும்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, அம்பாசமுத்திரத்தையும் சேரன்மகாதேவியையும் கடந்து, திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓடிச் சீவலப்பேரியை அடைகிறது. குற்றாலத்து நீரைச் சுமந்துவரும் சிற்றாறு அவ்வூரில்தான் அதனோடு கலக்கிறது. ஆறுகள் கூடும் இடமாதலால் முக்கூடல் என்பது அதன் பழம்பெயர்களுள் ஒன்று. முக்கூடற்பள்ளு என்னும் சிற்றிலக்கியத்திற்குக் களமாய் அமைந்ததும் இவ்வூரே. அதனை இயற்றியவர் யாரென்று தெரியவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து.

அந்நூலில் பண்ணைக்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. நில உடைமையாளரின் சார்பில் வயல் வேலையை மேற்பார்க்கும் அதிகாரி அவன். புலவர் அவனை அறிமுகம் செய்யும்போதே அவன் தோற்றத்தையும் நடையையும் நகைப்புக்கு இடமாக்கிவிடுகிறார். ஆனால் அந்த நகைப்புக்குரிய மனிதனின் கையில் தண்டிக்கும் அதிகாரம் இருக்கிறது. மூத்த பள்ளி முறையிட்டதும் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டிவிடுகிறான். முறையீட்டைக் கேட்பவனும், தீர்ப்பளிப்பவனும், தண்டனையை நிறைவேற்றுபவனும் அவன் ஒருவனே. அவனுக்கு மேல் முறையிட அந்த வயற்காட்டில் யாரும் இல்லை. கடைசியில் மூத்த பள்ளியே மனமிரங்கி அவனிடம் மன்றாடித்தான் பள்ளனை மீட்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பண்ணைக்காரனை நாம் இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இதே ஆற்றின் மேற்கரைப் பகுதியில் பிறந்து, சட்டம் பயின்று, சட்டமன்றம் புகுந்து, அதன் தலைமை இருக்கையில் அமர்ந்த ஒருவரின் வாழ்க்கை, அதிகாரத்திற்கும் நகைப்புக்கும் நீதிக்கும் உள்ள உறவைக் குறித்து ஆழ்ந்த கேள்வி ஒன்றை நம்முன் விட்டுச் சென்றிருக்கிறது. தமிழ்நாடு சட்டப் பேரவையின் தலைவராக 1985 முதல் 1989 வரை விளங்கிய பி.எச். பாண்டியனே அவர். அவர் வாழ்வைப் புகழ்வதோ பழிப்பதோ நம் நோக்கமன்று. அவ்வாழ்வு எழுப்பிய கேள்வியை நிதானமாக ஆராய்வதே நோக்கம்.

வழக்கறிஞரும் உறுப்பினரும்

பால் ஹெக்டர் பாண்டியன் 1945-ஆம் ஆண்டு அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கோவிந்தப்பேரியில் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.இ.அ.தி.மு.க. முதன்முறையாக ஆட்சிக்கு வந்த 1977 தேர்தலில் சேரன்மகாதேவித் தொகுதியிலிருந்து பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1980, 1984, 1989 ஆகிய தேர்தல்களிலும் அதே தொகுதி அவரையே அனுப்பிவைத்தது. அடுத்தடுத்து நான்கு முறை ஒரே தொகுதியின் நம்பிக்கையைப் பெறுவது எளிய செயலன்று. அதிலும் 1989-ஆம் ஆண்டின் வெற்றி தனித்துக் குறிப்பிடத்தக்கது. எம்.ஜி.ஆரின் மறைவுக்குப் பின் கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. ஜானகி அணியின் சார்பில் வென்றவர்கள் தமிழகம் முழுவதிலும் இருவர் மட்டுமே. அவ்விருவருள் ஒருவர் பாண்டியன். கட்சி சரிந்தபோதும் தனிமனிதர் சரியவில்லை.

1980-இல் துணைச் சபாநாயகராகவும், 1985 பிப்ரவரி இறுதியில் சபாநாயகராகவும் அவர் பொறுப்பேற்றார். பழைய நெல்லைச் சீமைக்கு இது புதிய பெருமையன்று. 1962 முதல் 1967 வரை சபாநாயகராக இருந்த எஸ். செல்லபாண்டியன் நெல்லை மாவட்டத்தவர். அவரை அடுத்து அவ்விருக்கையில் அமர்ந்த சி.பா. ஆதித்தனார், தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம் தொகுதியின் உறுப்பினர். அவரும் பாரிஸ்டர் பட்டம் பெற்ற சட்ட அறிஞரே. பிற்காலத்தில் அம்பாசமுத்திரம் தொகுதியின் ஆவுடையப்பன் 2006-இலும், இராதாபுரம் தொகுதியின் அப்பாவு 2021-இலும் சபாநாயகர்களாயினர். பேரவையின் நெறிமுறைகளைக் காக்கும் பொறுப்பை இவ்வட்டாரம் இவ்வளவு முறை ஏற்றிருப்பதைக் காணும்போது, இதனைச் சபாநாயகர்களின் பள்ளத்தாக்கு என்று அழைத்தாலும் பொருந்தும்.

சபாநாயகர் பதவியைக் குறித்துப் பாண்டியன் வழங்கிய ஒரு சொற்றொடர் தமிழக அரசியலில் நிலைத்துவிட்டது. சபாநாயகருக்கு 'வானளாவிய அதிகாரம்' உண்டு என்பதே அது. அவரைப் பற்றிய வேறெதனை மறந்தவர்களும் இச்சொல்லை மறக்கவில்லை. எனவே இதனை ஓர் அரசியல்வாதியின் ஆர்ப்பரிப்பு என்று ஒதுக்கிவிடாமல், ஒரு வழக்கறிஞரின் வாதமாகவே எடுத்துக்கொண்டு ஆராய வேண்டும்.

வாதத்தின் வேர்

இந்திய அரசியல் சட்டத்தின் 194-ஆம் பிரிவு மாநிலச் சட்டமன்றங்களின் சிறப்புரிமைகளைக் கூறுகிறது. அச்சிறப்புரிமைகளைச் சட்டமன்றமே ஒரு சட்டம் இயற்றி வரையறுத்துக்கொள்ளலாம் என்றும், அதுவரை அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு இருந்த உரிமைகளே இங்கும் செல்லும் என்றும் 1950-இல் எழுதப்பட்டது. காமன்ஸ் சபையோ பல நூற்றாண்டுகளாக மன்னருடன் போராடித் தன் உரிமைகளைத் திரட்டிக்கொண்ட சபை. தன்னை அவமதித்தவரைத் தானே சிறையிலிடும் உரிமையும் அவற்றுள் அடங்கும். மன்னரின் கையிலிருந்து மக்களின் பிரதிநிதிகளைக் காக்கப் பிறந்த கேடயம் அது. மன்னர் இல்லாத குடியரசில் அதே கேடயம் குடிமகனின் மேல் வாளாக இறங்கக்கூடும் என்பதை அன்று பலர் எண்ணிப் பார்க்கவில்லை. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் காமன்ஸ் சபையின் பெயரை நீக்கியது. உரிமைகளின் அளவை மாற்றவில்லை. அவற்றை முழுமையாகத் தொகுத்து வரையறுக்கும் சட்டத்தையும் சட்டமன்றங்கள் இயற்றவில்லை.

இந்த வாள் எவ்வளவு தூரம் பாயும் என்ற வழக்கு 1964-இல் உத்தரப் பிரதேசத்தில் எழுந்தது. உறுப்பினர் ஒருவரைக் குறைகூறித் துண்டறிக்கை வெளியிட்ட கேசவ் சிங் என்பவருக்கு அம்மாநிலச் சட்டமன்றம் ஏழு நாள் சிறைத் தண்டனை விதித்தது. அவருக்காகத் தாக்கலான மனுவின் மேல், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் இலக்னோ அமர்வைச் சேர்ந்த நீதிபதிகள் நசீருல்லா பேக், சாகல் ஆகிய இருவரும் அவரைப் பிணையில் விடுவித்தனர். உடனே சட்டமன்றம் அவ்விரு நீதிபதிகளையும், மனுச் செய்த வழக்கறிஞரையும் கைது செய்து தன்முன் நிறுத்துமாறு தீர்மானித்தது. உயர் நீதிமன்றத்தின் இருபத்தெட்டு நீதிபதிகள் ஒருங்கே அமர்ந்து அத்தீர்மானத்துக்குத் தடை விதித்தனர். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான எழுவர் அமர்வு, இந்தியாவில் உயர்ந்தது அரசியல் சட்டமே என்றும், சட்டமன்றத்தின் சிறைத் தண்டனையையும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்றும் பெரும்பான்மையாகக் கருத்துரைத்தது. இதன் பின்னரும், 1965-இல் வழக்கை விசாரித்த அலகாபாத் உயர் நீதிமன்றம் கேசவ் சிங்கின் தண்டனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. தலையிடும் உரிமை நீதிமன்றத்திற்கு உண்டு என்பது உறுதியாயிற்று. தண்டிக்கும் உரிமை சட்டமன்றத்திடமே நின்றது.

ஆகவே பாண்டியனின் சொல் வெறுங்காற்றில் பிறந்ததன்று. எல்லை வரையப்படாத நிலம் ஒன்று சட்டத்திலேயே இருந்தது. அந்நிலத்தில் நின்று வானத்தைச் சுட்டியவர் அவர். இதனைச் சொல்லாமல் அவரைக் குறைகூறுவது நீதியாகாது.

மூன்று ஆண்டுகள், மூன்று நிகழ்ச்சிகள்

1986 நவம்பரில் தி.மு.க. இந்தித் திணிப்பை எதிர்த்து, ஆட்சிமொழியைக் கூறும் அரசியல் சட்டத்தின் பதினேழாம் பகுதியின் படிகளை எரிக்கும் போராட்டத்தை நடத்தியது. அதில் பங்கேற்ற க. அன்பழகன் உள்ளிட்ட பத்து உறுப்பினர்கள் அவ்வாண்டு டிசம்பரில் பதவியிழந்தனர். அரசியல் சட்டத்தின்மேல் உறுதிமொழி எடுத்தவர் அதன் பகுதியை எரித்தால் உறுப்பினராய் நீடிக்க முடியாது என்பது ஆளுந்தரப்பின் வாதம். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை அவையின் பெரும்பான்மை நீக்கலாகுமா என்பது மறுதரப்பின் வாதம். இரண்டிலும் பொருள் உண்டு.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது வேறு வகைப்பட்டது. 1987 மார்ச் இறுதியில் ஆனந்த விகடன் வார இதழ் தன் அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரத்தை வெளியிட்டது. பொதுக்கூட்ட மேடையில் இருப்போரில் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று கேட்பவருக்கு, திருடர்களின் தோற்றத்தை வைத்து அடையாளம் காட்டப்படுகிறது. இதுவே அதன் பொருள். எவர் பெயரும் அதில் இல்லை. பேரவை இதனைத் தன் சிறப்புரிமைக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொண்டது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஏப்ரல் 4-ஆம் நாள் அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். இந்தியா முழுவதும் இதழாளர்கள் கண்டனம் எழுப்பவே, ஓரிரு நாள்களில் அவர் விடுதலை செய்யப்பட்டார். அவரோ விடுதலையோடு நின்றுவிடவில்லை. தம்மைச் சிறையிலிட்டது தவறு என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வழக்காடி வென்று, அடையாளத் தொகையாக ஆயிரம் ரூபாய் இழப்பீடு பெற்றார்.

மூன்றாவது நிகழ்ச்சி 1988 ஜனவரி 28. முந்தைய டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். காலமானார். ஜனவரி 7-இல் அவர் துணைவியார் ஜானகி முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். நம்பிக்கைத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்த நாளில் அவையில் பெரும் அமளி மூண்டது. சட்டமன்ற மண்டபத்திற்குள்ளேயே காவல்துறையினர் நுழைந்து தடியடி நடத்தினர். தீர்மானம் வென்றதாகச் சபாநாயகர் அறிவித்தார். ஆனால் இரண்டே நாளில், ஜனவரி 30 அன்று, ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறைக்கு வந்தது. அவைக்குள் எவரும் மறுக்கவியலாத அறிவிப்பு, அவையின் வாயிலைத் தாண்டியதும் தன் வலிமையை இழந்தது. வானளாவியது என்று கருதப்பட்ட அதிகாரத்தின் கூரை எவ்வளவு தாழ்வானது என்பதை அந்த இரு நாள்கள் காட்டிவிட்டன.

கேள்வியின் மையம்

இம்மூன்றனுள் நாம் நீண்ட நேரம் நின்று சிந்திக்க வேண்டியது இரண்டாவதையே. முதலாவதிலும் மூன்றாவதிலும் மோதியவர்கள் அரசியல் கட்சியினர். இரு பக்கமும் பலம் இருந்தது. இரண்டாவதிலோ ஒரு பக்கம் பேரவை, மறுபக்கம் தனியொரு குடிமகன். அவ்வழக்கில் அவமதிக்கப்பட்டதாகக் கூறியது பேரவை. குற்றம் சாட்டியது பேரவை. விசாரித்துத் தண்டனை வழங்கியதும் அதே பேரவை. முக்கூடற்பள்ளின் பண்ணைக்காரன் நம் நினைவுக்கு வருவது இங்கேதான்.

தன் வழக்கில் தானே நீதிபதியாதல் ஆகாது என்பது எந்த நாட்டுச் சட்ட மாணவரும் முதலில் கற்கும் பாடம். இஸ்லாமியச் சட்டவியலிலும் இது நிலைபெற்ற விதி. காழி தமக்குச் சாதகமாகத் தாமே தீர்ப்பளிக்க இயலாது. தம் பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ சாதகமாகத் தீர்ப்பளிப்பதும் செல்லாது என்பது ஃபிக்ஹு அறிஞர் பெரும்பான்மையினரின் நிலை.

ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தீ, ஆட்சிச் சட்டங்களைத் தொகுத்த தமது 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில், அதிகாரிகளின் அநீதிக்கு எதிரான முறையீடுகளைக் கேட்கும் 'மளாலிம்' மன்றத்திற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார். அங்கே அவர் ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார். அப்பாசியக் கலீஃபா மாமூன் முறையீடு கேட்டு முடித்து எழும் வேளையில், நைந்த உடையோடு ஒரு பெண்மணி வந்து தம் நிலம் பறிக்கப்பட்டதாக முறையிடுகிறார். பறித்தவர் யாரென்று கேட்டபோது, கலீஃபாவின் அருகில் நின்ற அவர் மகன் அப்பாஸையே சுட்டுகிறார். கலீஃபா தாமே தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரையும் எதிரெதிரே அமர்த்தித் தம் முன்னிலையில் விசாரிக்குமாறு வேறொருவரைப் பணிக்கிறார். வாதாடும்போது பெண்மணியின் குரல் இளவரசரின் குரலை மீறி ஓங்குகிறது. அரசவைக் காவலர் அவரை அதட்டுகிறார். மாமூனோ காவலரைத் தடுத்துவிடுகிறார். அப்பெண்ணைப் பேசவைப்பது உண்மை. தம் மகனின் வாயை அடைத்தது பொய் என்பது அவர் தந்த விளக்கம். நிலம் அப்பெண்மணிக்கே மீட்டளிக்கப்படுகிறது.

இதனைக் கூறிய மாவர்தீ, கலீஃபா விசாரணையை ஏன் பிறரிடம் ஒப்படைத்தார் என்பதற்கும் காரணம் காட்டுகிறார். தீர்ப்பு மகனுக்குச் சாதகமாகவும் அமையலாம், பாதகமாகவும் அமையலாம்; மகனுக்குப் பாதகமாகத் தீர்ப்பளிக்க அவருக்கு உரிமை உண்டு, சாதகமாக அளிக்க உரிமை இல்லை என்பதே அது. அப்பாசியர் ஆட்சி முழுவதும் இவ்வாறே நடந்தது என்று நாம் வாதிடவில்லை. அதே மாமூனின் காலத்தில்தான் குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற கொள்கை வினாவை முன்வைத்து உலமாக்கள் வதைக்கப்பட்டனர் என்பதும் வரலாறு. ஒரே மனிதர் ஒரு நாள் தம் அதிகாரத்தை அடக்கிக்கொண்டார். இன்னொரு நாள் அடக்கவில்லை. ஆகவே நீதியை மனிதரின் நற்குணத்திடம் மட்டும் ஒப்படைக்க முடியாது. விதியிடம் ஒப்படைக்க வேண்டும். மாவர்தீ நிகழ்ச்சியைச் சொன்னதோடு நில்லாமல் விதியையும் எடுத்துரைத்ததன் நுட்பம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

பேரவைக்கு மானம் இல்லையா, அதனைக் காக்க வேண்டாமா என்று கேட்பவர் உண்டு. மக்களின் பிரதிநிதிகளை எவரும் எப்படியும் இழிவுபடுத்தலாம் என்றால் மக்களாட்சியே மதிப்பிழக்கும் என்ற அச்சமும் பொய்யன்று. ஆனால் அவதூறுக்கு நாட்டில் சட்டம் உண்டு. அதனை விசாரிக்க நடுநிலையான நீதிமன்றமும் உண்டு. அந்த வாயில் திறந்திருக்க, தன் இருக்கையையே நீதிபீடமாக்கிக்கொள்ளும்போது பேரவையின் மானம் உயர்வதில்லை. பேரவையின் பெரும்பான்மைக்கும் ஒரு நகைச்சுவைக்கும் இடையே நடந்த அவ்வழக்கில், ஓரிரு நாள் சிறையும் ஆயிரம் ரூபாயும் நகைச்சுவையின் பக்கமே மக்களின் அன்பைச் சேர்த்தன.

பின் வந்த காலம்

பாண்டியன் சபாநாயகராகப் பொறுப்பேற்ற சில நாள்களிலேயே, 1985 மார்ச் 1-இல், கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை நடைமுறைக்கு வந்தது. உறுப்பினரின் தகுதியிழப்பைத் தீர்மானிக்கும் உரிமையை அது சபாநாயகரிடம் ஒப்படைத்து, அம்முடிவை நீதிமன்றம் கேள்விக்குள்ளாக்கவும் தடை விதித்தது. 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. தகுதியிழப்பை முடிவு செய்யும்போது சபாநாயகர் ஒரு தீர்ப்பாயமாகவே செயல்படுகிறார் என்றும், தீர்ப்பாயத்தின் முடிவு நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு உட்பட்டதே என்றும் அது கூறியது. ஆயினும் சிறப்புரிமையின் பெயரால் இதழாளரைத் தண்டிக்கும் வழக்கம் மறையவில்லை. 1992-இல் முரசொலி ஆசிரியர் செல்வம் பேரவையில் கூண்டில் நிறுத்தப்பட்டார். 2003 நவம்பரில் 'தி இந்து' நாளிதழைச் சேர்ந்தோருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட, உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. ஆட்சிகளும் சபாநாயகர்களும் மாறியும் இருக்கையின் ஆசை மாறவில்லை. எனவே 1987-ஆம் ஆண்டின் பழி முழுவதையும் ஒரே மனிதரின் தலையில் சுமத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

பாண்டியனின் பொதுவாழ்வும் அங்கே முடியவில்லை. 1999-இல் திருநெல்வேலித் தொகுதியிலிருந்து அ.இ.அ.தி.மு.க. உறுப்பினராக மக்களவைக்குச் சென்று 2004 வரை பணியாற்றினார். 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தபின், அம்மரணம் குறித்து 2017 பிப்ரவரியில் வெளிப்படையாக ஐயம் எழுப்பிய மூத்த தலைவர்களுள் அவர் முன்னவர். கட்சித் தலைமை மௌனத்தை விரும்பிய வேளையில் அவர் கேள்வி கேட்டார். 2020 ஜனவரி 4-இல் தமது எழுபத்து நான்காம் வயதில் காலமானார்.

கேள்வி கேட்பவரைச் சிறைக்கு அனுப்பிய அவையின் தலைவர், தம் இறுதிக் காலத்தில் கேள்வி கேட்பவராக நின்றார் என்பதை நாம் ஏளனமாகக் குறிப்பிடவில்லை. இருக்கை மனிதனை எவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு அது சான்று. இருக்கையில் இருந்தபோது வானத்தைச் சுட்டிய அதே வழக்கறிஞர், அதனை விட்டு இறங்கியபின் குடிமகனின் இடத்தில் நின்று பேசினார். அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் எந்த அதிகாரத்திற்கும் மேலே ஒரு செவி திறந்திருக்க வேண்டும் என்பது புலப்படும்.

அதிகாரம் ஓர் அமானிதம். அமானிதத்தை ஏற்றவர் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். இறுதிக் கணக்கு இறைவனிடம் என்பது நம் நம்பிக்கை. ஆனால் இவ்வுலகிலும் கணக்குக் கேட்க ஒரு மன்றம் வேண்டும் என்பதே மாவர்தீ கற்பித்ததும், 1964-இல் நசீருல்லா பேக்கும் அவருடன் அமர்ந்த நீதிபதியும் நிலைநாட்டியதும் ஆகும். சட்டமன்றங்கள் தம் சிறப்புரிமைகளைத் தாமே சட்டமாக எழுதி எல்லை கட்டிக்கொள்ளும் நாளில்தான் அப்பணி நிறைவுறும். அதுவரை முக்கூடலின் பண்ணைக்காரன் தொழுமரத்தோடு எங்கேனும் ஓர் இருக்கையில் அமர்ந்துகொண்டுதான் இருப்பான். அவனைப் பார்த்து நகைக்கும் புலவனும் ஆற்றங்கரையில் இருந்துகொண்டே இருப்பான்.